கொம்பனித்தெருவுக்கு மேலே

நெருப்பு ஒருமுறை உறுமியது;
காலிமுகத்திடல் காலடியிலிருந்து கழன்றது.
கடலை மூடிய மணல்
இன்னும் பாதி பாலைவனம்.

"உங்கட வீடு எது?" என்றார் பலூன்காரர்.
தகரவேலிக்குள் கல்குவியலைக் காட்டினேன்.
இடிந்த சுவரில் இன்னும் பச்சை;
ஜெனீராவின் குளியலறை, எங்கள் குசினி,
நடுவில் நாங்கள் சண்டை பிடித்த பைப்.
என்னை உள்ளே விடாத காவலாளி
பலூனின் நிழலைத் தடுக்கவில்லை.
அது வேலி தாண்டி
வாசல் இருந்த இடத்தில் சற்றே தயங்கிப் போயிற்று.

பிறகு களனி. கரையெல்லாம் வல்லாரை.
கூடை சரிந்து இறங்கியது
யாருடையவோ கங்குன் பாத்தியில்.
சேற்றுக் கையோடு ஓடிவந்தவள்
வானத்தைப் பார்க்கவில்லை;
நசுங்கிய வரிசைகளை எண்ணினாள்.
"அறுநூறு ரூபாய்."

எங்கள் சுவர்களை நாங்களும்
இப்படி எண்ணிக் கேட்டிருக்கலாம்.