பதினெட்டு கேஜ்

திருப்புளியை வைத்தேன், அழுத்தக்கூட இல்லை.
பின்சீட்டில் கால் வைக்கிற இடத்தில்
பிடிவரைக்கும் இறங்கிவிட்டது.
வண்டிக்கடியில் படுத்திருந்த பாவாடை
"அண்ணே, கண்ணு!" என்று கத்தினான்.

எழுபத்தொன்பதாம் வருடத்துப் பத்மினி.
வெளியே வெண்ணெய் நிறம், ஒரு கீறல் கிடையாது.
பிலோமினா டீச்சர் கேட்டது இவ்வளவுதான்:
"வலது கதவைத் தூக்கித்தான் அடைக்கவேண்டியிருக்கு,
கீலைக் கொஞ்சம் பாருங்க தேசிங்கு."

கீலில் ஒன்றும் இல்லை.
கதவு இறங்கவில்லை, வண்டி இறங்கியிருக்கிறது
நடுவில், மெல்ல,
ஈரச் சாக்கு காயும் கொடிபோல.

முதுநகர்க் காற்றுக்குத் தகடு என்றால் அப்பளம்.
துறைமுகத்திலிருந்து எழுந்து வரும் உப்பு
நேராக ரப்பர் பாய்க்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
பாயைத் தூக்கினோம். ஊறிப்போன சணல் மெத்தை.
அதற்கும் அடியில், தகடு இருந்த இடத்தில்,
மிளகாய்த்தூள் நிறத்தில் செதில் செதிலாக
ஒரு முறம் அள்ளினான் பாவாடை.
ஓட்டை வழியே ஷெட்டின் தரை தெரிந்தது,
என் செருப்பும்.

அறுப்பதற்கு முன்னால்
கதவு வாசலில் குறுக்கே இரண்டு கம்பி பற்றவைத்தேன்.
இல்லாவிட்டால் படியை வெட்டும்போது வண்டி மடங்கும்,
அப்புறம் எந்தக் கதவும் எந்த வாசலுக்கும் சேராது.
கிரைண்டர் போட்டேன்.
பெயின்ட் புகைந்தது. அதன்கீழ் பட்டி,
பட்டிக்குக் கீழே இன்னும் பட்டி, விரல் கனம்.
தகடே வரவில்லை.

"எந்தக் கழிசடை பார்த்த வேலைடா இது?"
பாவாடை சிரித்தான்.
படிக்குள் கையை விட்டு இழுத்தான்,
உருண்டை உருண்டையாகச் செய்தித்தாள்.
ஒன்றைப் பிரித்தோம். பாதி கரைந்த எழுத்து:
புயல் நிவாரணம், பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த பலா,
மின்கம்பம் இத்தனை.
தானே வந்துபோன தை மாசம்.

தாள் நழுவாமல் பிடித்திருந்தது ஒரு கட்டி எம்-சீல்.
அதில் அழுத்திய கட்டைவிரல்,
ரேகை கலையாமல்.
ரேகைக்குக் குறுக்கே ஒரு வெட்டு.

நான் கையுறையைக் கழற்றவில்லை.

அந்தத் தையில் ஷெட்டுக்குக் கூரை இல்லை.
கரன்ட் இல்லை, கேஸ் சிலிண்டர் போன இடம் தெரியவில்லை.
வாடகை ஜெனரேட்டரில் கம்பிரஸர் மட்டும் ஓடும்.
வந்த வண்டிக்கெல்லாம் தாள், பட்டி, பெயின்ட்.
யார் வண்டி என்றுகூடப் பார்த்திருக்கமாட்டேன்.
வெண்ணெய் நிறம் கலந்ததுமட்டும் ஞாபகம் வருகிறது:
மூன்று சொட்டு மஞ்சள், ஒரு சொட்டு கறுப்பு.

சாயந்தரம் டீச்சர் ஸ்கூட்டரில் வந்தார்.
குவியலைப் பார்த்தார். எம்-சீல் கட்டியை எடுத்துத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"என் தம்பி எங்கேயோ விட்டு வாங்கினான்,
பதினாலாயிரம்" என்றார்.
கீழே போடவில்லை, கைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒன்பது நாள்.
அட்டையில் அளவெடுத்து பதினெட்டு கேஜில் வெட்டி
பழைய தரையின் வரிப்பள்ளங்களை அடித்தே எடுத்தேன்.
ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி அங்கே;
சூடு ஒரே இடத்தில் சேர்ந்தால் தகடு நெளியும்.
ரெட் ஆக்ஸைடு இரண்டு கை.
படிக்குள் பழைய இன்ஜின் ஆயில்.
தண்ணீர் இறங்க மூன்று துளை,
பாவாடை அடைக்கப் போனான், கையைத் தட்டிவிட்டேன்.

கணக்கு டீச்சர் அவர். பில்லைப் பார்த்ததும்
"கூட்டல் தப்பு" என்றார். "பதினாலாயிரம் குறையுது."
"சரியாத்தான் இருக்கு டீச்சர்."

தாளை நீட்டிய என் கையைப் பார்த்தார்.
அன்றைக்குக் கையுறை போடவில்லை.
கதவை ஒரு விரலால் தள்ளினார், ஒரே சத்தம்.
திறந்தார், மறுபடி தள்ளினார்.

"இந்தத் தடவை தாள் வைக்கலையே?"

இல்லை என்றேன்.
பாவாடைக்கு ஒன்றும் புரியவில்லை.
சரியாகக் காதில் விழவில்லையோ என்று
போய்க் கம்பிரஸரை அணைத்தான்.