குறிப்பு என்ற கட்டம்

சோழவந்தான் சாலையில்
இருநூற்றுப் பதினோரு மரங்களுக்கு எண் போட்டுவிட்டு
வாய்க்காலோர நீர்மருதிடம் வந்தோம்.
டேப்பின் ஒரு நுனி என்னிடம்.
மறு நுனியோடு சுற்றப் போன பவுன்ராசு
மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினான்:
"ஏழடி நாலங்குலம். எழுதிக்கங்க மேடம்."

எழுதினேன்.
இனம்: மருது. நிலை: பச்சை.
குறிப்பு என்ற கட்டம் மட்டும் காலி.

சாலையில் போன மினிபஸ் படியில் நின்று
ஒருத்தர் கூவுகிறார், மருதை மருதை.
மரம் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளிர்ப் பட்டை ஒரு சில்லு உரிந்து
இலந்தை முள்ளில் தொங்கிக்கொண்டிருந்தது.
உரிந்த இடத்தில்
ஏதோ ஊர்ந்த தடம்.

கீழே தலைமுடி கனத்தில் தொடங்குகிறது.
வளைகிறது. தன்னைத் தானே வெட்டிக்கொள்ளாமல்
திரும்புகிறது.
கணு வந்தால் ஒதுங்குகிறது.
ஏற ஏறத் தடிக்கிறது,
சுண்டுவிரல் அகலம் வந்ததும்
ஒரு துளை.
அவ்வளவுதான்.
தின்று வளர்ந்த வயது மொத்தமும் இதில் இருக்கிறது.
வயதுக்காரர் இல்லை.

மாங்குளம் மலையில், கல்லில் இருந்திருந்தால்
கம்பிவேலி போட்டு
நீலப் பலகை நட்டிருப்பார்கள்.
இங்கே இதற்குப் பெயர் பூச்சி அரிப்பு.
கட்டத்தில் அந்த இரண்டு சொல் விழுந்தால்
தடி விலை விறகு விலையாகிவிடும்.
மரக்கடை சிக்கந்தர்
போனில் முதலில் கேட்பதே அதைத்தான்:
"புழு ஏறிருக்கா, இல்லையா, அதச் சொல்லுங்க."

பவுன்ராசு டப்பாவைக் குச்சியால் கலக்கினான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
உரிந்த இடம் வழவழப்பாக இருந்ததால்
அங்கேயே போட்டான், சிவப்பில், 212.

கடைசி இரண்டின் அடிக்கோடு
துளைக்குப் பக்கத்தில் தடத்தில் இறங்கி
ஓடத் தொடங்கியது.
வளைந்து, கணுவுக்கு ஒதுங்கி,
தடித்ததிலிருந்து மெலிந்ததற்கு,
வந்த வழியே.

"இது நிக்காது மேடம், அந்தப் பக்கம் போட்டுருவோம்."
என்றவன் பிரஷ்ஷை எடுக்கவில்லை.
இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.
லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போனது.
சிவப்பு
ஒரு முடி கனத்துக்கு வந்து
நின்றது.

அரை அங்குலக் கட்டம்.
பேனாவை உதறி எழுதினேன்:
எண், மறுபக்கம்.