கரைச் சீட்டு

கப்பலிலிருந்து இறங்க ஒரு சீட்டு தருவார்கள்.
பெயர், வேலை, திரும்ப வேண்டிய நேரம்.
போர்ட் லூயிஸில் எனக்குக் கிடைத்தது
ஆறு மணி நேரம்.

எண்ணெய் நாற்றம் போக மூன்று முறை சோப்புப் போட்டு
நடந்தே சுற்றினேன் அந்தத் தீவு நகரத்தை.
தெரியாத ஊரில் நடக்க எனக்கொரு சட்டம் உண்டு:
ஒவ்வொரு முக்கிலும் நின்று
கடல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வது.
அது தெரிந்தால் போதும்,
எவ்வளவு வேண்டுமானாலும் தொலையலாம்.

மார்க்கெட் வாசலில் மிளகாய் வடை போட்டவள்
சோலான்ஜ் மூத்தூசாமி.
பெயரின் பின்பாதி மட்டும் எனக்குச் சொந்தக்காரன்போல் இருந்தது.
சில்லறை தந்த நோட்டில் விரல் வைத்து
இது என்ன எழுத்து, படி என்றாள் சைகையில்.
இருபத்தைந்து ரூபாய் என்று படித்தேன்.
மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்:
அவ்வளவுதானா?
ஏதோ மந்திரம் என்று நினைத்திருந்தாளாம்.
உன் ஊரில் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.
கையை எங்கேயோ நீட்டினேன்.

இப்போது லீவு. சேலம்.
மூன்று வாரம் தூங்கியாயிற்று.
இன்று மத்தியானம் காலண்டர் தாளைக் கிழித்து
எனக்கு நானே ஒரு சீட்டு எழுதினேன்:
தணிகைவேல், ஆயிலர், மாலை ஆறு.
பையில் வைத்துக்கொண்டு
பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன்
இந்த ஊரில் பிறக்காதவன் மாதிரி.

வரலாம் வரலாம் வரலாம், ஹோல்டேய்!
தகரத்தில் தட்டுகிறார் கண்டக்டர்.
எங்கள் பைலட்கூட இவ்வளவு நெருக்கி அணைத்ததில்லை.
இளம்பிள்ளை, வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம்
என்று கூவுகிறார்கள்.
பட்டணமாம்.
ஓர் அலைக்குக்கூட வழியில்லாமல்.

திருமணிமுத்தாற்றுப் பாலத்தில் மூக்கைப் பொத்தவில்லை.
எந்தத் துறைமுகத்தின் பின்பக்கமும் இந்தக் கறுப்புதான்.
செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி மூட்டைகள்
லாரிக்கு ஏறிக்கொண்டிருந்தன.
கொக்கி குத்தித் தூக்குகிற அதே கை,
அதே கெட்டவார்த்தைத் தாளம்.
எங்கே போகிறது என்றேன்.
இந்தூர், என்றார் ஒருவர், நகருங்க சார்.
நகர்ந்தேன்.

ஒவ்வொரு முக்கிலும் நின்று பார்த்தேன்.
மலை.
வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை,
மேற்கே கஞ்சமலை, கட்டடச் சந்தில் இன்னொன்று,
அதன் பெயர் எனக்கே தெரியவில்லை.
நாலு புறமும் ஒன்றே சூழ்ந்தால் தீவு
என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்.

பசித்தது. ஒரு தள்ளுவண்டி.
தட்டைக்கும் தட்டைக்கும் நடுவே
பீட்ரூட், கேரட், இரண்டு சட்னி,
மாதேஸ்வரியின் விரல்கள் அவளைப் பார்க்காமலே அடுக்கின.
தின்றுவிட்டுக் காசு கொடுத்தேன்.
அவள் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இருபத்தஞ்சு ரூபா. தமிழ்லதான் போட்டிருக்கு.
எந்த ஊரு ரூபாண்ணா இது?"

பர்ஸின் உள்ளறையிலிருந்தது எப்படி வெளியே வந்ததோ.
மன்னிப்புக் கேட்டு வேறு தாள் எடுத்தேன்.
அவள் விடவில்லை.
செல்லாதா? செல்லும். எங்கே?
கடல் தாண்டணும்.
அங்க இதுக்கு என்ன கிடைக்கும்?
வடை, அஞ்சு.
வானத்துக்கு எதிரே பிடித்துக் கொஞ்சம் யோசித்தாள்.
பிறகு இன்னொரு தட்டையைக் காகிதத்தில் வைத்து நீட்டி,
நோட்டை மஞ்சள்தூள் டப்பாவுக்கு அடியில் செருகினாள்:
"அப்ப கணக்கு சரியாப் போச்சு."

நடந்துகொண்டே தின்றேன். உப்பு சரியாக இருந்தது.
ஐந்து ரோடு வருவதற்குள் இருட்டிவிட்டது.
ஏற்காட்டுப் பாதையில் ஒன்று, மூன்று, ஏழு விளக்குகள்,
இடம் கிடைக்காமல் வெளியே
நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைப் போல.

சீட்டை எடுத்துப் பார்த்தேன்.
மேலே எண்ணெய் ஊறி ஆறு அழிந்திருந்தது.
மணி ஏழேகால்.