முன்பக்கத் தொகை

பயின்னவுங் மண்டியில் என் கணக்குக்கு நல்ல பேர்.
ஒரு வீசை உளுந்து குறைந்தாலும்
லாரியைத் திரும்பி வரச்சொல்வேன்.
முதலாளி கையெழுத்துப் போடுகையில்
படித்துப் பார்ப்பதில்லை.

வீட்டு நோட்டு வேறு மாதிரி.
ஜெயித்த நாளெல்லாம் சிவப்பு மையில் இருக்கும்,
எண் வந்த வழியோடு.
கனவில் மீன், பதினேழு.
சவ வண்டியின் பின்பலகை, தொண்ணூற்றிரண்டு.
தோற்ற நாட்களுக்கு வேறு பெயர் வைத்தேன்:
பல்வலி மாத்திரை, பஸ், மொய்.
ஒரு மழைக்காலம் முழுக்க
எனக்குப் பல்வலி இருந்திருக்கிறது.

பகல் பன்னிரண்டுக்கு ஒன்று, நாலரைக்கு ஒன்று.
பாங்காக்கில் யாரோ பங்கு வாங்குகிறான், விற்கிறான்,
அந்தப் புள்ளியின் வாலைப் பிடித்துக்கொண்டு
ரங்கூனில் எங்கள் தெரு மூச்சுவிடும்.
டோ மியா சான் வெற்றிலைக் கடையில் சீட்டு எழுதுவாள்.
ஒன்றுக்கு எண்பது.

பீலிக்கான் தீமிதிக்கென்று டப்பாவில் இருந்ததை
நான் தொட்ட வாரம்
ஞானசௌந்தரி ஒன்றும் கேட்கவில்லை.
டப்பாவை மட்டும் கழுவிக் கவிழ்த்துவைத்தாள்.

புது நோட்டு வாங்கினேன். பதினான்கு மாதம்.
மாத்திரையைப் பிரித்தேன், பஸ்ஸைப் பிரித்தேன்,
நடக்காத கல்யாணங்களின் மொய்யைத்
திரும்ப எடுத்தேன்.
சிவப்பு ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.
வரவு போக நஷ்டம்
பதினொரு லட்சத்து நாலாயிரத்து அறுநூறு கியாட்.

வெட்கமாக இருந்தது, பொய்யில்லை.
ஆனால் விரல் என்ன செய்தது தெரியுமா?
கடைசி இரண்டு சைபரை மறைத்துப் பார்த்தது.
நாற்பத்தாறு.

மறுநாள் மாலைச் சீட்டுக்கு ஐந்நூறு.
"திருப்பியும் போடவா?" என்றாள் டோ மியா சான்.
நாற்பத்தாறு வைக்கிறவன்
அறுபத்துநாலும் வைப்பதுதான் இங்கே வழக்கம்.
வேண்டாம், சிக்கனமாக இருக்கிறேன் என்றேன்.

நாலரைக்கு அறுபத்துநாலு.

எண்பதால் பெருக்கிக்கொண்டே நடந்தேன்.
கைக்கு வராத நாற்பதாயிரத்தை
எந்தப் பத்தியில் எழுதுவது?
சிக்கனம் என்று ஒரு பத்தி போட்டால்
அது வரவா, செலவா?

வீட்டில் நோட்டு திறந்து கிடந்தது.
பென்சிலோடு அவள்.
"முன்பக்கத் தொகையை எடுத்து எழுதுறப்ப
இலக்கம் இடம் மாறிப்போச்சு.
ஆயிரத்தெண்ணூறு உதைக்குது.
வித்தியாசம் ஒம்பதால வகுபட்டா இடமாற்றம்னு
மண்டிப் பையன்களுக்கு நீங்கதானே சொல்லுவீங்க?"

என் தொகையை அடித்து மேலே எழுதியிருந்தாள்:
பதினொரு லட்சத்து ஆறாயிரத்து நானூறு.
அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு.

பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.
அன்றைய ஐந்நூறு இன்னும் நோட்டில் ஏறவில்லை.

"என்ன சிரிப்பு?"
நாளைக்குச் சனிக்கிழமை, என்றேன்,
பாங்காக்கில் சந்தை கிடையாது.

அவள் பென்சிலை என் பக்கம் உருட்டிவிட்டாள்.