ஆசியா / கொழும்பு

கல்லடியில் இந்த அறைக்கு ஏசி இல்லை.
பின்னேரம் கடற்காற்று ஏறிய பிறகுதான்
லெப்டொப்பின் விசிறி மூச்சு வாங்குவதை நிறுத்தும்.
அதுவரை பொறுத்திருந்து ஓட்டினேன்:
முந்நூற்றுப் பன்னிரண்டு டெஸ்டுகள்,
ஃப்ரேம்வேர்க்கின் நான்கு பதிப்புகளில்.

ஆறாம் பதிப்பு பச்சை.
ஐந்து பச்சை.
நான்கு, எச்சரிக்கைகளை முணுமுணுத்தபடி, பச்சை.
மூன்றில் மட்டும்
ஒரே ஒரு சிவப்பு.

"மூண்ட விட்ருவம்" என்றான் இஃப்ஹாம்,
ஏறாவூரிலிருந்து, வாயில் எதையோ மென்றுகொண்டு.
"அத இன்னும் ஆருகா பாவிக்கிற?"

வெல்லாவெளியில் ஒரு நெல் சங்கம் பாவிக்கிறது,
கணினி மாற்றக் காசில்லாமல்.
எங்கள் லைப்ரரி செய்வது சின்ன வேலை.
உள்ளூர் நேரத்தைக் கொடுத்தால்
உலகப் பொதுநேரமாக்கித் தரும், அவ்வளவுதான்.
அதை நம்பி அங்கே
மூட்டைக்குப் பற்றுச்சீட்டு அடிக்கிறார்கள்.

சிவப்பைத் திறந்தேன்.
1999 செப்டெம்பர் எட்டு, பின்னேரம் 3.45.
ஏதாவதொரு தேதி வேண்டுமே என்று
சோம்பலில் நான் போட்டுவைத்த
என் பிறந்த நேரம்.
விடையை இஃப்ஹாம் அட்டவணை பார்த்து எழுதியிருந்தான்.
புதிய மூன்றும் அவனைப்போலவே ஆறு மணி கழித்தன.
பழையது ஐந்தரை கழித்தது.

முனைக்காட்டுக்குக் கோல் எடுத்தேன்.
"மூண்டே முக்கால், எங்கட நேரம்" என்றா அம்மா.
"எழுவான்கரையில அப்ப நாலேகால்.
கிளினிக் காட்டில அதுதான் கிடக்கு.
இப்ப என்னத்துக்கு, சாதகம் பாக்கவா?"

மண்முனைத் துறையில் ஓடம் ஏறும்போது
அப்பா கைக்கடிகாரத்தைத் தொடமாட்டாராம்.
நடு ஆற்றில் மனதுக்குள் அரை மணி கூட்டுவார்,
திரும்பும்போது கழிப்பார்.
சென்ட்ரியில் எவனாவது நேரம் கேட்டால்
கேட்டவனுடைய நேரத்தைச் சொல்ல வேண்டும்.
சொல்லும்போது
மணிக்கட்டு சட்டைக்கைக்குள் இருக்க வேண்டும்.

புதிய பதிப்புகளுக்கு அரசாணைகள் எல்லாம் தெரியும்,
எந்த நள்ளிரவில் எத்தனை நிமிடம் என்று.
மூன்றாம் பதிப்புக்கு ஒரு வரலாறும் தெரியாது.
எந்த ஆண்டைக் கொடுத்தாலும் ஐந்தரைதான்.
தெரியாத்தனத்தால்
நான் பிறந்த நேரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டது.

உலக அட்டவணையில் இந்தத் தீவுக்கு ஒரே பெயர்:
ஆசியா, ஒரு சாய்கோடு, கொழும்பு.
ஆற்றுக்கு அங்கே கோடு இல்லை.

'கரை' என்று ஒரு புதிய உள்ளீடு சேர்த்தேன்.
கொடுக்காவிட்டால் எழுவான்.
இரண்டாவது டெஸ்ட் எழுதினேன், படுவானுக்கு.
ஓட்டினால் இப்போது
புதிய மூன்றிலும் சிவப்பு.
மூன்றாம் பதிப்பில் பழைய சிவப்பு அப்படியே,
பக்கத்தில் புதிதாய் ஒரு பச்சை.

இஃப்ஹாம் நெடுநேரம் பேசவில்லை.
மெல்லுவதையும் நிறுத்தியிருந்தான்.
பிறகு கேட்டான்: "தொண்ணூத்தாறு மே, தொடக்கம் சரி.
முடிவுத் தேதி என்ன போடுற?
எப்ப உங்கட ஆக்கள் மணிக்கூட்ட மாத்தின?"

மாற்றவில்லை.
இரண்டாயிரத்தாறில், சித்திரை வருசத்தோடு,
நாடு திரும்பி ஐந்தரைக்கு வந்தது.
அந்த இடத்துக்கு மட்டும்
நான் ஒரு வரியும் எழுத வேண்டியிருக்கவில்லை.

மற்ற வரிகளை எழுதி, மறுபடி
நான்கு பதிப்புகளிலும் ஓட விட்டிருக்கிறேன்.
மூன்று மெதுவாகத்தான் வரும்.