சம்பளச் சனிக்கிழமை

சம்பளம் வந்த முதல் சனிக்கிழமை
நானும் பெல்சிட்டாவும் வெளியே சாப்பிடுவோம்.
இரண்டு பேருக்கும் சேர்த்து அறுநூறு ரூபாய்.
தாண்டினால் அடுத்த மாதம் வெறும் புட்டும் பயறும்.
சட்டம் அவள் போட்டது.

எட்டு வருடம் இத்தாலியில்
நடக்க முடியாத ஒரு தபால்காரரைப்
பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.
அங்கே மதியச் சாப்பாட்டில் ஒயின் இருக்கும்,
நம்ம ரசம்போல, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்,
தண்ணீர் பாட்டிலைவிட மலிவு என்பாள்.
நான் கூட்டுறவு வங்கியில் நகை உரசிப் பார்ப்பவள்.
கல்லில் ஒரு கோடு இழுக்காமல்
எதையும் நம்பிப் பழக்கமில்லை.

ஆகவே தேடினோம்.

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தின் ஓரம் ஏசி ஓட்டல்.
அட்டையின் கடைசிப் பக்கத்தில்
ஒரு கிளாஸ் அறுநூற்றி ஐம்பது, வரி தனி.
ஒரு சூப்பை இரண்டாகப் பிரித்துக் குடித்துவிட்டு
பல் குத்திக்கொண்டே வெளியே வந்தோம்,
கல்யாண விருந்து சாப்பிட்டவர்கள்போல.

நாகர்கோவிலில் ஒன்று. குடும்பத்தோடு வரலாம் என்று போர்டு.
குடும்பம் எங்கே என்றான் வாசலில் நின்றவன்.
"நாங்கதான்" என்றாள் பெல்சிட்டா.
முதலாளியிடம் கேட்டு வருகிறேன் என்று போனான்.
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

டாஸ்மாக் வரிசையில் நிற்க
எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.
ஆனால் எனக்கு முன்னால் நின்றவரின் மனைவி
வியாழக்கிழமை என்னிடம் வைத்துப் போனது
நான்கு கிராம் தாலி.
எடை எனக்கு நினைவிருந்தது.
திரும்பி வந்துவிட்டேன்.

ஆட்டோ ஜஸ்டஸ்தான் பிறகு வாங்கிவந்தார்.
இருநூற்றி எண்பது ரூபாய். தோளில் தூசி.
"இத யாரும் கேக்கமாட்டாவ அக்கா,
கடைக்காரனே தேடித்தான் எடுத்தான்."

கருங்கல் சந்தைக்குப் பின்னால் தாசையன் கடை.
பெயர்ப் பலகை கிடையாது, நாலு பெஞ்சு,
மரச்சீனி வேகிற ஆவியில் கண்ணாடி மங்கும்.
பையில் இருந்த குப்பியின் கழுத்தைப் பார்த்ததும்
தாசையன் கரண்டியோடு வந்தார்.
"இஞ்ச குடிக்கப்பிடாது, கேட்டியளா?
போலீஸ்காரன் வந்தா எனக்க கடைய பூட்டிருவான்."

அவர் மனைவி லெற்றீசியா ஒன்றும் பேசவில்லை.
குப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.
ஒரு சில்வர் ஜக்கோடு வந்தாள்.
இந்தக் கடையில் எல்லா மேசையிலும்
பதிமுகம் போட்டுக் கொதித்த வெள்ளம்,
எல்லா டம்ளரிலும் சிவப்பு.
எங்கள் சிவப்பு கொஞ்சம் கூடுதல்.
அவ்வளவுதான்.

முதல் மடக்கு இருமல் மருந்து.
பெல்சிட்டாவின் முகத்தில்
எட்டு வருடமும் சுருங்கியது.
பிறகு அயிலை புளிமுளம் வந்தது,
மிளகாயும் தேங்காயும் மாங்காயுமாக,
காது மடல் வியர்க்க ஒரு வாய் மரச்சீனி,
அதன்மேல் ஒரு மடக்கு.
இனிப்பு வழிவிட்டு ஒதுங்கி நின்றது.
தனியாக உரசினால் பதினான்கு காரட்.
புளிமுளத்தோடு இருபது சொல்லலாம்,
இருபத்தொன்று என்று சண்டை போட்டாள் அவள்.

சண்டையில் கவனிக்கவில்லை,
லெற்றீசியாவின் மகன் எங்கள் ஜக்கைத் தூக்கி
பக்கத்து மேசைக்கு ஊற்றிவிட்டான்.
அங்கே உட்கார்ந்திருந்தவர்
கோயிலில் பூசைக்கு எடுத்துவைக்கும் மெலிஞ்சியார்.
இருபத்தேழு வருடமாக
பீடத்து ஒயினின் சாவி அவர் இடுப்பில்.
சோற்றைப் பிசைந்தபடி ஒரு மடக்கு குடித்தார்.
கை நின்றது.
தாசையன் கல்லாவில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மெலிஞ்சியார் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
எங்களைப் பார்த்தார்.
ஒரு துண்டு மீனை வாயில் போட்டு
இன்னொரு மடக்கு, இந்தமுறை மெதுவாக,
நான் கல்லில் கோடு இழுக்கிற மாதிரியே.

"கொள்ளாம்" என்றார்.
பிறகு பையனைக் கூப்பிட்டு,
"மக்கா, அந்த வெள்ளத்தில இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஐந்நூற்றி எழுபது ஆனது, குப்பியும் சேர்த்து.
மீதி முப்பதை ஜஸ்டஸிடம் கொடுத்தால் வாங்கவில்லை,
அடுத்த மாதம் தனக்கும்
ஒரு டம்ளர் போடச் சொன்னார்.