வீடுகளின் முதுகு

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ரயில் புறப்படும்.
செவ்வாய் காலை ஒன்பதுக்கு
அதன் புகை என் மேசைக்கு வந்து சேரும்.

ஆபர்டீன், தொலைக்காட்சி நிலையம், மூன்றாம் மாடி.
நேயர் கருத்துப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான்.
ஒரு கெட்டில், ஒரு ரப்பர் முத்திரை,
ஒழுகும் ஜன்னலுக்குக் கீழே ஒரு வாளி.

எல்லோருக்கும் ரயிலைப் பிடித்திருக்கிறது.
யாருக்கும் அந்த மனிதரைப் பிடிக்கவில்லை,
கடுகு நிறக் கோட்டும் கழுத்துக்குட்டையுமாக
பாலம் வரும்போதெல்லாம்
சரியாக அதை மறைத்து நின்றுகொண்டு
"அடடா, என்ன பாலம்!" என்கிறவரை.
அவர் கொஞ்சம் நகர்ந்தால்
நாங்களும் சொல்வோம் அடடா,
என்று பெர்த்திலிருந்து ஒரு பல் மருத்துவர்.

ஆர்ச்சி லோரிமர், ஓய்வுபெற்ற சிக்னல்காரர்,
வாரம் தவறாமல் நான்கு பக்கம்.
சுரங்கத்துக்குள் நுழையும்போது ஆறு பெட்டிகள், நீலம்.
வெளியே வரும்போது ஐந்து, பச்சை.
மலைக்குள் என்ன நடந்தது, அம்மணி?
எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

வயலினை நிறுத்தச் சொல்லி இருபத்தேழு கடிதங்கள்.
தண்டவாளமே தாளம் போடுகையில்
எதற்கு ஊடே ஒரு அழுகை?

பெயர் போடாத ஒருத்தி, நீல மையில், அழுத்தி:
முன்பக்கத்துக்குச் சுண்ணாம்பு அடித்தோம்.
கதவுக்குப் பித்தளைக் கைப்பிடி.
நீங்கள் காட்டியதோ பின்பக்கம்.
துருவேறிய சலவை இயந்திரம்,
சக்கரம் கழன்ற சைக்கிள்,
கொடி நிறைய என் வீட்டுக்காரரின் உள்ளாடை.
கிளாஸ்கோவிலிருந்து நாத்தனார் போன் செய்து சிரித்தாள்.
வீட்டுக்கு முகம் தெருப்பக்கம், முதுகு ரயில் பக்கம்.
முதுகைப் படம் பிடிக்க
யாரைக் கேட்டீர்கள்?

எல்லாருக்கும் ஒரே பதில்தான்:
தங்கள் மேலான கருத்துக்கு நன்றி,
தயாரிப்புக் குழுவிடம் சேர்ப்பித்தோம்.
முத்திரை. அடுத்தது.

பிறகு இஷ்பெல் கில்கிறிஸ்ட்.
கோடு போட்ட தாள், அடித்தல் திருத்தல் இல்லை.
ஐந்தாம் பகுதி, முப்பத்தோராவது நிமிடம்.
வண்டி நிற்காத ஒரு சின்ன ஸ்டேஷன்.
பெஞ்சில் ஓர் ஆணும் பெண்ணும்,
ஃப்ளாஸ்க் மூடியில் மாற்றி மாற்றித் தேநீர்.
அந்த ஃப்ளாஸ்க் என்னுடையது.
படம் எடுத்த தேதி மட்டும் தெரிந்தால் போதும்.
நிகழ்ச்சி நன்றாயிருக்கிறது, முக்கியமாக மலைகள்.

மதிய உணவு நேரத்தில் ஒளிநாடாவை ஓட்டிப் பார்த்தேன்.
நான்கு நொடி. ஓட்டினேன், திரும்ப ஓட்டினேன்.
அவளுக்குச் சுடக்கூடாதென்று
அவன் ஊதுகிறான், உதடு குவித்து.
கண்ணாடியில் மழைத்துளி ஒன்று
குறுக்கே ஓடி அழிக்கப் பார்க்கிறது, முடியவில்லை.

படப்பிடிப்புப் பதிவேடு அடுத்த அறையில்.
தேதி தரக் கூடாதென்று எந்த விதியும் இல்லை,
தரச் சொல்லியும் இல்லை.
இரண்டு நாள் அந்தக் கடிதத்தை
கெட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன்.
வியாழன் மாலை, ஒரு வெறும் அட்டையில்,
'மே பதினொன்று, செவ்வாய்' என்று எழுதி
முத்திரை குத்தாமல் தபாலில் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து அதே கோடு போட்ட தாள்.
நன்றி.
இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் பார்க்கிறேன்.
அந்தக் கடுகு நிறக் கோட்டுக்காரரை
எல்லாரும் திட்டுகிறார்களாமே.
இருக்கட்டும் அவர்.
யாராவது ஒருவர்
'அடடா' என்று சொல்லிக்கொண்டிருப்பது
இந்த வீட்டுக்கு நல்லதாயிருக்கிறது.

மாதக் கடைசிக் கணக்கில் எழுதினேன்:
தொகுப்பாளரைப் பிடிக்காதவர்கள், இருநூற்றுப் பன்னிரண்டு.
பிடித்தவர்கள், ஒன்று.
மேலதிகாரி அந்த ஒன்றைச் சுழித்து
ஓரத்தில் கேள்விக்குறி போட்டார்.

வாளியைக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.
ஆர்ச்சி லோரிமருக்குத்தான்
இன்னும் பதில் எழுதவில்லை.